ஓபாட்டாவின் கை

குரோசே தெட்சுஜிக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. மலை மாதிரி உடம்பு, இரண்டு முழங்காலிலும் கட்டு, பின்கழுத்தில் அறுவை செய்த தழும்பு. எங்கள் மல்யுத்தக் குழுவில் அவர்தான் மூத்தவர். நான் நடுவர். ரிங்குக்குள் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றே காலம் கழித்தவன்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. அவரை யாரும் அடிப்பதில்லை.

எங்கள் ஆட்டத்தில் யார் ஜெயிப்பது என்பது வேறு சமாசாரம். அடி மட்டும் நிஜம். ஆனால் இளசுகள் அவர் மார்பில் அறையும்போது, சூடான கெண்டியைத் தொடுவதுபோலத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்ததும் இடுப்பு முறியக் குனிந்து வணங்குவார்கள்.

"கும்பிடு போட வந்தானுங்களா, சண்டை போட வந்தானுங்களா?" என்று குளியலறையில் என்னிடம் எரிந்து விழுவார். "என் நெஞ்சைப் பாருடா. புதுப்பொண்ணு மாதிரி இருக்கு."

அவரை அடித்தவர் ஒருவர் இருந்தார். ஓபாட்டா இசாவோ. இரண்டு பேரும் ஒரே வருடம் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தவர்கள். ஒரே சட்டியில் கறியும் முட்டைக்கோஸும் கொதிக்கவைத்துத் தின்று, ஒரே அறையில் படுத்து, பல வருடம் ஜோடியாக ஆடினார்கள். ஜோடி என்றாலும் கோடைக்கு ஒருமுறை அவர்களை எதிரெதிரே நிறுத்துவார்கள். மறுநாள் இருவருக்கும் சட்டை உரசினாலே எரியும். எரிகிறதென்று சிரித்துக்கொண்டே ராமென் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு ஒருநாள் ஓபாட்டா ஒரு வார்த்தை சொல்லாமல் எதிர்க் குழுவுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து குரோசே அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. ஆனால் புதியவன் எவனாவது கொஞ்சம் பலமாக அறைந்துவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ருசி பார்ப்பதுபோல இருக்கும். பிறகு தலையை அசைத்துவிடுவார். அது அந்தக் கை இல்லை.

எதிர்க் குழு நொடித்துப்போய் மூடியது. ஓபாட்டா ஹொக்கைடோ கடற்கரையில் மனைவியின் ஊருக்குப் போய்ச் சிப்பி பிரிக்கிற வேலையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் முதலாளிக்கு என்ன தோன்றியதோ, அவரை ஒரே ஒரு ஆட்டத்துக்கு அழைத்தார். எதிரே குரோசே.

பிப்ரவரி மாதம், சகாட்டா நகர விளையாட்டரங்கம், ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே கடல்காற்றோடு பனி. மேல்கோட்டைக் கழற்றாமலே ஜனங்கள் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் மருத்துவர் என்னை நடைவழியில் நிறுத்தி, "குரோசேவுக்குக் கழுத்தில் அடி விழக்கூடாது. விழுந்தால் ஆட்டத்தை நிறுத்திடுங்க" என்றார். பக்கத்தில் காலணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஓபாட்டா நிமிரவில்லை. ஆனால் அவர் விரல்கள் நின்றுபோனதை நான் பார்த்தேன்.

மணி அடித்தது. இருவரும் மோதிக் கைகோத்துத் தள்ளினார்கள். ஓபாட்டா அவரைக் கயிற்றோரம் கொண்டுபோய் மார்பில் ஓர் அறை விட்டார். சத்தம் வந்தது, கனம் இல்லை.

குரோசேவின் முகம் விழுந்துவிட்டது. எத்தனையோ வருடமாகக் காத்திருந்த வீட்டுக் கதவைத் தட்டி, வேறு யாரோ திறந்ததுபோல.

"என்னடா இது?" என்றார், எனக்கும் ஓபாட்டாவுக்கும் மட்டும் கேட்கும்படி. "சிப்பி பிரிச்சுப் பிரிச்சுக் கை சொத்தையாயிடுச்சா?"

"உன் கழுத்து…"

"என் கழுத்து எங்கிட்ட இருக்கு. உன் கை எங்கடா?"

சொல்லிவிட்டு ஓபாட்டாவின் கன்னத்தில் ஓங்கி விட்டார் ஒன்று. அரங்கமே மூச்சை உள்ளே இழுத்தது. பிறகு தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

ஓபாட்டா உதட்டு ரத்தத்தைத் துடைத்தார். "கிழட்டு மாடு" என்றார். அடித்தார்.

வியர்வை சிதறி என் கண்ணில் தெறித்தது. குரோசே இரண்டடி பின்னால் போய், திரும்பி வந்தார். அவர் சிரித்ததை ஜனங்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் பக்கம் முதுகு இருந்தது.

"ம். இன்னொண்ணு."

அப்புறம் மாறி மாறி விழுந்தது. அவர் ஒன்று, இவர் ஒன்று. ஜனங்கள் எழுந்து கோட்டைக் கழற்றினார்கள். இருவர் மார்பும் சிவந்து, கருத்து, ஊதாவாயின. "முழங்கால் போச்சுடா" என்பார் குரோசே. "எனக்குத் தோளே போச்சு, நீ பேசாம நில்லு" என்பார் ஓபாட்டா. குரோசே ஓபாட்டாவைத் தூக்கித் தலைக்குப் பின்னால் எறிந்தபோது மேடைப் பலகை அதிர்ந்து என் பல் கிட்டியது.

கடைசியில் குரோசே தள்ளாடி நடுவில் நின்றார். ஓபாட்டா கயிற்றில் மோதித் திரும்பி ஓடிவந்தார், வலது கையை நீட்டி. கழுத்தை வெட்டுகிற அந்த லாரியட்தான் அவர் பெயர் பெற்ற அடி. நான் குறுக்கே போக ஓரடி எடுத்துவைத்தேன். குரோசே தாடையைத் தூக்கிக் காட்டி, "வா" என்றார்.

கடைசி நொடியில் அந்தக் கை ஒரு சாண் கீழே இறங்கியது. மார்பில் விழுந்தது. குரோசே மல்லாந்தார். ஓபாட்டா மேலே படுத்தார். மூன்று எண்ணும்வரை தோள் எழாவிட்டால் தோல்வி. நான் தரையைத் தட்டி எண்ணினேன். ஒன்று. இரண்டு. குரோசேவால் தோளைத் தூக்க முடியும், எனக்குத் தெரியும். மேலே கிடந்த முதுகை ஒரு கையால் பிடித்தபடி, விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மூன்று.

உடைமாற்றும் அறையில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ஏன்டா கையை இறக்குன?"

"நீ செத்துட்டா அப்புறம் நான் யாரை அடிக்கிறது?"

குரோசே தன் முழங்கால் கட்டை அவிழ்த்தார். பிறகு கேட்டார். "அப்போ கோடையில வருவியா?"

ஓபாட்டா வலது கையைத் தூக்கிக் காட்டினார். தோளுக்கு மேல் எழவில்லை. "இதுதான் கடைசி. இதுக்கே ஊசி போட்டுக்கிட்டு வந்தேன்."

"அன்னிக்குப் போனப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

பின்வாசலில் டாக்சி நின்றது. ஓபாட்டா பையை இடது கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். குரோசே குளியல் அங்கியும் செருப்புமாகப் பனியில் நின்றார். வண்டி துறைமுகச் சாலையில் திரும்பிய பிறகும் உள்ளே வரவில்லை. நான் பனிக்கட்டிப் பையோடு போனேன்.

"வைங்க அண்ணே, வீக்கம் வடியும்."

அங்கியை விலக்கித் தன் மார்பைப் பார்த்தார். ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"வேணாம்டா" என்றார். "இருக்குற வரைக்கும் இருக்கட்டும்."

அடுத்த வாரம் அகிட்டா நகரில் அவரோடு ஆடியவன் நல்ல பையன், மரியாதை தெரிந்தவன்; தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். குரோசேவின் மார்பில் இருந்த விரல் தடம் அதற்குள் மஞ்சளாகியிருந்தது.