வியாழனில் இல்லாத மேடு

பேராசிரியர் சேஷகிரி பேத்திக்கு முடியிறக்கத் திருத்தணிக்கு வருகிறார் என்று தெரிந்ததும், மணவாளன் அம்மையார்குப்பத்தில் தறிகளை நிறுத்திவிட்டு மகளை இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். மகளின் ஆய்வுக்கு வழிகாட்டி அவர்தான், முனைவர் பட்டமே சாரின் கையெழுத்தில் இருக்கிறதாம். கையில் சாரின் மனைவிக்குச் சேலை வேறு. மகள் மோகனப்ரியாவுக்கு எரிச்சலாக இருந்தது. வருஷக்கணக்காக உழைத்தது அவள், சேலை போவது அந்த வீட்டுக்கு.

2018ஆம் வருஷம் அது. அவள் ஆராய்ச்சி வியாழன் கிரகத்தைப் பற்றியது. அதன் துருவங்களில் ஓயாமல் ஒரு ஒளி எரிகிறது. எலக்ட்ரான்கள் அசுர வேகத்தில் வந்து அங்குள்ள வாயுவில் மோதுவதால் வரும் ஒளி. அந்த வேகத்தை அவற்றுக்குக் கொடுப்பது எது? பூமியில் பெரும்பாலும் மின்னழுத்தம். அது தள்ளினால் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரே ஆற்றலோடு வரும், வரைபடத்தில் அந்த ஆற்றலுக்கு நேரே ஒரு மேடு தெரியும். வியாழனிலும் அப்படித்தான் என்று சார் காலமெல்லாம் எழுதி வந்தார்.

விசைத்தறி வீட்டுப் பெண்ணை இதை நம்பவைக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. நூல் அறுந்தால் வோல்டேஜ், தறி நின்றால் வோல்டேஜ், யாருக்காவது தலை வலித்தால்கூட வோல்டேஜ் என்கிற தெரு அது. வியாழனைச் சுற்றும் விண்கலம் அனுப்பிய அளவுகளில் மேடு தெரியாதபோது, ஏதோ கோளாறு என்று நினைத்து, வரைபடக் கோட்டைத் தேய்த்துத் தேய்த்துச் சீராக்கி ஒரு மேட்டைக் கொண்டுவந்துவிட்டாள். பிறகு ஒருநாள் சீராக்காமல் போட்டுப் பார்த்தாள். மேடே இல்லை. எல்லா ஆற்றலிலும் எலக்ட்ரான்கள் சிதறிக் கிடந்தன. காந்தக் கோடுகளில் ஓடும் அலைகள் கண்டபடி உலுக்கினால் அப்படி ஆகும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் இடிபட்டு ஒருவன் பின்னுக்குப் போவான், இன்னொருவன் சன்னதி வாசலிலேயே போய் விழுவான், அந்த மாதிரி. அன்று வெட்கத்தில் அழுதாள். அழுது முடித்து, மேடு இல்லை என்று நாலாம் அத்தியாயத்தை எழுதினாள்.

தரிசனம் முடிந்து மலைமேல் மண்டபத்தில் புளியோதரை சாப்பிடும்போது சார் பேச்சை எடுத்தார்.

"நாலாவது அத்தியாயத்தை எடுத்துடும்மா. மேடு இருக்கிற பழைய படத்தையே போடு. தேர்வாளர் ரெண்டு பேருமே மின்னழுத்தக் கட்சி."

"அது தப்புங்க சார். நான்தான் தப்பா போட்டேன்."

"அது உனக்கு மட்டும்தானே தெரியும்?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"பாப்பா, சார் இன்னா கெட்டதா சொல்ட்டாரு?" என்றார் மணவாளன். "நம்ம ஊரு தேடி வந்துகீறாரு. ஆங்னு சொல்லேன்."

"நைனா, சேலையில பொத்தல் இருக்கறது தெரிஞ்சிகினே உள்ள மடிச்சி வச்சி விப்பியா?"

மணவாளன் கொஞ்சம் யோசித்தார். கோயில் என்பதால் பொய் வரவில்லை. "வித்துகீறேன்."

"நான் விக்க மாட்டேன்."

சார் இலையை மடித்தார். "கையெழுத்து போடறேன். ஆனா வாய்மொழித் தேர்வுல உனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன். தோத்துட்டு எங்கிட்ட வந்து நிக்காதே."

"நானே பேசிக்கிறேங்க சார்."

திரும்பும் பஸ்ஸில் அப்பா அவளோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பயம் இல்லாமல் இல்லை. பட்டம் போனால் தெருவே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த வாரம் ஆய்வேட்டை சாரின் மேசையில் வைத்தாள். நாலாம் அத்தியாயம் இப்போது முதல் அத்தியாயம். அதில் இரண்டு படங்கள். சீராக்கிய படத்துக்குக் கீழே, இந்த மேடு ஆய்வாளர் உண்டாக்கியது என்று எழுதியிருந்தாள். சீராக்காததன் கீழே, இது வியாழன் என்று மட்டும்.

படித்துவிட்டு சேஷகிரி பேனாவை மூடினார்.

"போடறேன்னு மலைமேல சொன்னீங்க சார்," என்றாள் மோகனப்ரியா. "முருகன் கேட்டுகினுதான் இருந்தாரு."

சேஷகிரி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. மூடிய பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.