மூட்டையின் மூன்றாம் பக்கம்

சலவைக்கூடத்தில் அவனை மூட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடம் அழுக்குத்துணி சுமந்து முதுகு விட்டுப்போனபின், முதலாளி மனமிரங்கிப் பெரிய சலவை மிஷின் பக்கத்தில் நிற்க விட்டார். அந்த மிஷினோ பாதியில் பாதியில் நின்று தொலைத்தது.

"சனிக்கிழமைக்குள்ள ஓடலேன்னா அது காயலான் கடைக்கு. நீ பழையபடி மூட்டைக்கு" என்றார் முதலாளி.

மிஷினை ஓட்டும் மின்னணு போர்டுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. நாற்பது தாண்டி எழுத்துக் கூட்டக் கற்றவன், அரை நாள் மெனக்கெட்டு அங்கே ஒரு கேள்வி தட்டினான். திருகாணி என்ற பெயரில் ஒருவர் பாய்ந்து வந்தார்.

"லாக் எங்க? அது இல்லாம ஜோசியமா பாக்குறது?"

லாக் என்பது, மிஷின் ஓடுவதைப் பற்றி போர்டு தானே எழுதிவைக்கும் குறிப்பு. எடுக்கும் வழி மூட்டைக்குத் தெரியாது. ஆனால் பதினோரு நாளாக அவனே ஒரு நோட்டில் எழுதியிருந்தான்: மிஷின் எப்போது நின்றது, அந்நேரம் கூடத்தில் யார் என்ன செய்தார்கள். டீக்கறையோடு நாலு பக்கத்தையும் படமெடுத்துப் போட்டான்.

"இதென்ன, மளிகை லிஸ்டா? பெரியவரே, இங்க ஆனா ஆவன்னா சொல்லித் தர்றதில்ல" என்றார் திருகாணி. கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின.

மூட்டைக்குக் காது சுட்டது. அழிக்கப் போனவனை மனைவி தடுத்தாள்.

"அதுல பொய் ஏதாச்சும் எழுதியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு அழிக்கிறீங்க? பல்லு வலிக்கிற வரைக்கும் சிரிக்கட்டும்."

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தவன் போனைத் திறந்தான். அவனுடைய கோணல் எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டங்கள். போட்டவர், அந்த போர்டுக்கு நிரல் எழுதிய அம்மாள்.

"மூணாம் பக்கம் பாருங்க. 'பிரஸ் போட்டார்கள், மிஷின் நின்றது.' ஒன்பது தடவை. இஸ்திரி பிரஸ் சூடேற ஆரம்பிக்கும்போது கரண்ட் ஒரு நொடி இறங்குது. கதவு திறந்துடுச்சுன்னு நினைச்சு போர்டு மிஷினை நிறுத்துது. பக்கத்துல எதைப் போட்டாங்கன்னு போர்டுக்குத் தெரியாது, லாக்லயும் வராது. மூணு வருஷமா இதைத்தான் தேடுறேன். எல்லாரும் மிஷின் ஓடுறப்ப பிரஸ்ஸைப் போட்டுப் பாருங்க. திருகாணி, உங்க முதல் கேள்வி எங்கிட்ட இருக்கு. அதுல லாக்கும் இல்ல, மிஷின் பேரும் இல்ல. அன்னிக்கு யாரும் சிரிக்கல."

அதன்பின் பதில்கள் வரத் தொடங்கின. 'இங்கயும் நின்னுச்சு.' 'இங்கயும்.' கடல் தாண்டி எங்கெங்கோ, அவன் முகம் பார்க்காத ஆட்கள் அவன் எழுதிய ஒரு வரியைப் படித்துவிட்டுத் தங்கள் மிஷின்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு பேர். கையிலிருந்த கவளம் காய்ந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

கடைசியில் திருகாணி வந்தார். "எனக்கும் நின்னுச்சு. இத்தனை நாளா மோட்டாரைத் திட்டிட்டிருந்தேன். மன்னிச்சுக்கங்க அண்ணே."

வெள்ளிக்கிழமை அம்மாள் திருத்திய நிரலை அனுப்பினார். அதை போர்டில் ஏற்றும் வழியை ஒவ்வொரு படியாய் எழுதித் தந்தவர் திருகாணிதான்.

சனிக்கிழமை முதலாளி கைகட்டி நிற்க, பிரஸ்ஸைப் போட்டார்கள். விளக்கு ஒருமுறை மங்கியது. மிஷின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மூட்டை அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

வீட்டில், குழுவின் வாசலில் புதிதாய் ஏறியிருந்த விதியை மனைவிக்கு எழுத்துக் கூட்டி வாசித்தான். "லாக் எடுக்கத் தெரியாவிட்டால், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். தாளில் எழுதினாலும் சரி." அதன் கீழே, மாதிரிக்கு, அவனுடைய மூன்றாம் பக்கம்.

"அந்த டீக்கறையோடவா போட்டிருக்காங்க?" என்றாள் அவள்.