பெஞ்சுத் தேர்வுக் குழு

ஒரு பெஞ்சு வாங்குவதற்குக் கோப்பு திறந்த குடும்பம் கடலூரிலேயே ஸ்ரீமதியின் குடும்பமாகத்தான் இருக்க வேண்டும்.

அதுவும் சும்மா கோப்பு அல்ல. காக்கி அட்டை, ஓரத்தில் துளை, சிவப்பு நாடா. உள்ளே முதல் தாளில் அவள் கணவர் தில்லைநாதனின் பச்சை மை: "பொருள்: வீட்டு உடற்பயிற்சி – பளு பெஞ்சு கொள்முதல் – தொடர்பாக. பார்வை: மருத்துவரின் வாய்மொழி அறிவுரை." தில்லைநாதன் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து மூன்று வருடம் நீல மையிலேயே கையெழுத்துப் போட்டவர். பச்சை மைக்கான பதவி ஒரே ஒரு படி மேலே இருந்தது. அந்தப் படி அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஓய்வு பெற்ற மறுவாரம் மஞ்சக்குப்பத்தில் பச்சைப் பேனா ஒரு டஜன் வாங்கி வந்தார். பால்காரருக்கு எழுதி வைக்கும் 'நாளை பால் வேண்டாம்'கூட இப்போது பச்சையில்தான் போகிறது.

ஸ்ரீமதிக்கு ஐம்பத்திரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மே மாதம் எடுத்த ஸ்கேனில் எலும்பு மெலிய ஆரம்பித்திருப்பது தெரிந்தது. டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பிக் காட்டி, "நடந்தா மட்டும் போதாதும்மா. வெயிட் தூக்கணும். மூணு மாசம் ஒழுங்கா பண்ணிட்டு வாங்க, மாத்திரையப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார்.

ஸ்ரீமதி தலையாட்டினாள். அவளுடைய அம்மா ஸ்ரீமுஷ்ணத்தில், குளியலறை வாசலில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து, மூன்று வருடம் எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்தவள். கட்டிலில் படுத்தபடியே, "ஸ்ரீமதி, என்னக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி விடும்மா" என்று கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. தன்னை அப்படித் திருப்பி விட யாரையும் கூப்பிடும் நிலைமை வரக் கூடாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

பிசியோதெரபி செய்யும் நஜியா என்ற பெண் நாலே நாலு பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். பெஞ்சில் மல்லாந்து படுத்து இரண்டு கையிலும் டம்பெல் பிடித்து மேலே தூக்குவது, ஒரு முழங்காலை பெஞ்சில் ஊன்றி இழுப்பது, அப்புறம் உட்கார்ந்து எழுவதில் இரண்டு வகை.

"என்ன பெஞ்சு வாங்கட்டும்மா?"

"சாதாரண ஃபிளாட் பெஞ்சு போதும் மேடம். சாய்க்கிறது, மடக்குறது எதுவும் வேணாம். படுத்தா ரெண்டு காலும் தரையில முழுசா பதியணும். கால் ஊணலன்னா முதுகு தூக்கிக்கும், கையும் ஆடும். அத மட்டும் பாத்துக்குங்க."

அதை மட்டும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஸ்ரீமதி போனில் ஒரு பெஞ்சு ஆர்டர் போட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்குள் தில்லைநாதன் அதை ரத்து செய்துவிட்டார்.

"கேன்சல் பண்ணிட்டீங்களா? எதுக்குங்க?"

"கண்ணால பாக்காத பொருளுக்கு யாராவது ஒப்புதல் குடுப்பாங்களா? இது டெக்னிக்கல் சமாச்சாரம் ஸ்ரீமதி. நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டார். காலை ஆறு மணிக்கு எழுந்து வீடியோ பார்த்தார். இரும்புக் குழாயின் கனம் எத்தனை மில்லிமீட்டர், ரெக்சின் உரைக்கு உள்ளே இருப்பது ஸ்பாஞ்சா ஃபோமா, எத்தனை கோணத்தில் சாயும் என்று கட்டம் போட்டு எழுதினார். எல்லாக் கட்டத்துக்கும் மேலே 'தாங்கும் எடை' என்று ஒரு கட்டம். முந்நூறு கிலோவுக்குக் குறைந்த பெஞ்சுகளை முதல் சுற்றிலேயே தள்ளுபடி செய்தார்.

"நான் அம்பத்தாறு கிலோங்க. ரெண்டு கையிலயும் சேத்து நாலு கிலோ தூக்கப் போறேன்."

"எதிர்காலத் தேவைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

இருநூற்று நாற்பது கிலோவுக்கு எதிர்காலத்தில் என்ன தேவை வரும் என்று ஸ்ரீமதி கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு தாள் கோப்பில் ஏறும்.

மூன்றாவது வாரம் குழு அமைக்கப்பட்டது. தலைவர் தில்லைநாதன். வல்லுநர் உறுப்பினர், சிதம்பரத்தில் இருக்கும் ஸ்ரீமதியின் தம்பி பாலகுமார். கல்லூரிக் காலத்தில் பளு தூக்கியவன் என்று பெயர். அதற்குச் சான்றாக ஒரு புகைப்படம் உண்டு. அதில் பளு தரையில்தான் இருக்கும், இவன் பக்கத்தில் நிற்பான். இப்போது அவன் தூக்குவதெல்லாம் தன் வயிற்றை மட்டும்தான்.

பயனாளி என்ற தலைப்பில் ஸ்ரீமதியின் பெயர் இருந்தது. குழுவில் இல்லை.

டாக்டரம்மா சொல்லி நாற்பத்தோராவது நாள் நேரடி ஆய்வு. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நூர்முகம்மது என்பவரின் உடற்பயிற்சிச் சாமான் கடை. இரண்டு பேரும் ஜிப் வைத்த டிராக் பேன்ட்டில் வந்திருந்தார்கள். தில்லைநாதன் கழுத்தில் விசில் மட்டும்தான் இல்லை.

"வாங்க சார். மேடம், நீங்க அப்படி உக்காருங்க" என்று கடைக்காரர் வாசலோரம் ஒரு பழைய கறுப்பு இருக்கையைக் காட்டினார். ஸ்ரீமதி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு டீ டம்ளரும் வைக்கப்பட்டது.

உள்ளே ஆய்வு தொடங்கியது. பாலகுமார் ஒவ்வொரு பெஞ்சையும் மாட்டுச் சந்தையில் வந்தவன்போலத் தட்டிப் பார்த்தான். தில்லைநாதன் அளவு டேப்பை நீட்டி, நீட்டியதைப் படிக்காமலே சுருட்டினார். பிறகு மூலையிலிருந்த பெரிய சாமானுக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். சாய்வு ஏழு நிலை, கால் மடக்கும் உருளை, கையை ஊன்றும் திண்டு, பார் வைக்கும் தூண்கள். பல் டாக்டர் நாற்காலியும் வாழைத்தார் மண்டிக் கப்பியும் சேர்ந்து பெற்ற பிள்ளைபோல இருந்தது.

"பாய், இது எவ்ளோ தாங்கும்?"

"முந்நூத்தம்பது சார்."

"செக் பண்ணிடலாமா மாமா?" என்றான் பாலகுமார்.

"பண்ணு மச்சான்."

இருவரும் கல்யாண மேடையில் போட்டோவுக்கு உட்காருவதுபோல அதில் உட்கார்ந்து ஒரு முறை குதித்தார்கள். பெஞ்சு தாங்கியது. பிறகு தில்லைநாதன் படுத்துப் பார்த்தார். ஆறடி ஆள்; கால் தரையில் பதிந்து, மிச்சமும் இருந்தது. பாலகுமாரும் படுத்து, வெறும் கையைத் தூக்கி இறக்கி, "சூப்பர் ஸ்டெபிலிட்டி மாமா" என்றான். எழுந்திருக்கக் கடைக்காரர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஸ்ரீமதி எழுந்து வந்தாள். "நான் ஒரு தடவ படுத்துப் பாக்கட்டுமா?"

தில்லைநாதன் தெருவைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், குரலை இறக்கினார். "கடையில, ஆளுங்க நடமாட்டத்துல எதுக்கு? நான் படுத்தா நீ படுத்த மாதிரிதான்."

"என் காலு எங்க வருதுன்னு பாக்கணுங்க."

"அக்கா, நாங்கதான் பாத்துட்டோமில்ல" என்றான் தம்பி.

நூர்முகம்மது ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தில்லைநாதன், "பாய், எங்க ஆபீஸ்ல எல்லாம் பர்சேஸ்னா எப்படின்னா..." என்று தொடங்கிவிட்டார். ஸ்ரீமதி திரும்பப் போய் வாசலோரம் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் மூன்று வகுப்பு நோட்டுத் திருத்தி முடித்திருக்கலாம்.

அந்தப் பெரிய பெஞ்சு வேனில் வந்து இறங்கியபோது நாற்பத்தெட்டாவது நாள். பூட்டுவதற்கு ஒரு பகல் போயிற்று. கூடத்தில் ஃபிரிட்ஜ் கதவு பாதிதான் திறந்தது. தூணுக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். தில்லைநாதன் கையில் கோப்புடன், "பயனாளி வரலாம்" என்றார்.

ஸ்ரீமதி படுத்தாள். கால்கள் தரையைத் தேடின. நாலு விரல்கடை இடைவெளி விட்டு அந்தரத்தில் தொங்கின. டம்பெல்லைத் தூக்கினாள். நஜியா சொன்னபடியே முதுகு வளைந்து எழும்பியது, கை ஆடியது. இறக்கி வைத்துவிட்டாள்.

"காலு எட்டல."

"பழகிடும்."

"காலு வளர்ற வயசாங்க எனக்கு?"

தில்லைநாதன் யோசித்தார். "ரெண்டு பக்கமும் செங்கல் வெச்சிக்கலாம். அதுக்குத் தனியா ஒரு..."

"செங்கல் எதுக்கு? அந்த ஃபைலக் குடுங்க, சரியா நாலு விரல்கடை இருக்குது."

தில்லைநாதன் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அந்த பெஞ்சின் மேல் அவர் மட்டும் காலையில் சாய்ந்து பேப்பர் படித்தார். ஏழு நிலைகளில் நான்காவது அவருக்குப் பிடித்திருந்தது.

ஐம்பத்திரண்டாவது நாள், வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மழைத் தண்ணீர். ஸ்ரீமதியின் செருப்பு ஒரு சாண் சறுக்கியது. கை எப்படியோ கம்பியைப் பிடித்துக்கொண்டது. விழவில்லை. இரண்டு பிள்ளைகள், "மிஸ், மிஸ்!" என்று ஓடி வந்தார்கள். "ஒண்ணுமில்ல, போங்க" என்றாள். ஆனால் கம்பியை விட்டுக் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அம்மாவின் குரல் வந்து போனது. மூன்று மாதத்தில் ஐம்பத்திரண்டு நாள் போயிருந்தது. அவள் தூக்கியது ஒரே ஒரு தடவை.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு கணக்கு டீச்சர் ஒரு கணக்குப் போட்டாள். எந்த இடத்தில் உட்கார்ந்தால் தன் கால் தரையில் பதிகிறது? வீட்டு நாற்காலியில் இல்லை. ஸ்டாஃப் ரூமில் இல்லை. பஸ்ஸில் என்றைக்கும் இல்லை. நாலடி பத்தங்குல ஆளுக்கு உலகமே அந்தரம்தான். கடைசியாக எங்கே இரண்டு மணி நேரம் கால் மரத்துப் போகாமல் உட்கார்ந்திருந்தோம் என்று யோசித்தவள், எழுந்து உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை காலை, "எங்க போற?" என்று நான்காவது நிலையிலிருந்து குரல் வந்தது.

"சிதம்பரம் போறேன்."

"கோயிலுக்கா?"

"ஆமாம்னு எழுதிக்குங்க."

கடையில் நூர்முகம்மது அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். அந்தக் கறுப்பு இருக்கை வாசலோரம் அதே இடத்தில் இருந்தது. மேலே இரண்டு டீ டம்ளர். ஸ்ரீமதி டம்ளர்களை எடுத்துக் கீழே வைத்தாள்.

"பாய், இது என்னா?"

"அது பழைய ஃபிளாட் பெஞ்சுக்கா. ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குக் கொஞ்சம் தாழ்வா ஆறு கேட்டாங்க. வெல்டர் ஏழா செஞ்சிட்டான். ஒண்ணு ஜாஸ்தியா போச்சி. வர்றவுங்க உக்காரட்டும்னு போட்டு வெச்சேன்."

"ஒரு ஜோடி ரெண்டு கிலோ எடுங்க."

தெருவில் காலேஜ் பையன்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எதிர்ப் பூக்கடை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீமதி துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தாள். இரண்டு பாதமும் குதிகால் வரைக்கும் தரையில் பதிந்தன. சிமென்ட்டின் குளிர்ச்சி செருப்பில்லாத காலில் ஏறியது. தூக்கினாள். கை ஆடவில்லை. பத்து முறை தூக்கிவிட்டுத்தான் எழுந்தாள்.

"அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தேன்க்கா" என்றார் நூர்முகம்மது. "சாரு ஆபீஸ் கதைய ஆரம்பிச்சிட்டாரு. இது தாங்குமான்னுகூட யாரும் கேக்கல."

"எவ்ளோ தாங்கும்?"

"ரெண்டு வருஷமா ஊரே உக்காருது."

ஓரத்தில் ஒரு கிழிசல் இருந்தது. அவரே கறுப்பு டேப் ஒட்டிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுவரை தூக்கி வந்து கடலூர் வண்டியில் ஏற்றியும் விட்டார். வண்டியில் உட்கார இடமில்லை.

"இன்னாம்மா இது, பாடையாட்டம்?" என்றார் கண்டக்டர்.

"அதுக்கு எடம் குடுக்கக் கூடாதுன்னுதாங்க வாங்கிக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டு, பின் படிக்கட்டு ஓரம் பெஞ்சைப் போட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டாள். புதுச்சத்திரம் தாண்டும்போது வண்டி குலுங்கியது. கால் ஊன்றியிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பஸ்ஸில் அவள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

வீட்டில் தில்லைநாதன் புது வரவைச் சுற்றி வந்தார். டீ டம்ளர் வட்டங்களை உற்றுப் பார்த்தார். உள்ளே போனார். பச்சைப் பேனா கீறும் சத்தம் கேட்டது. பிறகு போனில் பேசும் குரல்: "மச்சான், ரொம்ப யோசிச்சேன். முதல் பெஞ்சு அட்வான்ஸ்டு லெவலுக்கு. அதோட ஒரு பிரைமரி பெஞ்சும் தேவைன்னு முடிவு பண்ணி, உங்கக்காவ அனுப்பி எடுத்தாரச் சொன்னேன். ஆமா. குழுவோட முடிவுதான்."

ஸ்ரீமதி படுக்கையறையில் பெஞ்சை ஜன்னலோரம் போட்டு, கதவைச் சாத்தாமல் படுத்திருந்தாள். மறுத்துச் சொல்ல வாய் வரை வந்தது. மூச்சு அதற்கு வேண்டும்; தூக்குவதற்கும் வேண்டும். தூக்குவதற்கு வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு... ஆறு..."

தில்லைநாதன் கோப்பைத் திறந்தபடி உள்ளே வந்து அவள் தலைமாட்டில் நின்றார், பிறகு கால்மாட்டுக்கு நகர்ந்தார். "பயனாளி ஒரு கையெழுத்துப் போடணும். திருப்திகரம்னு."

"ஏழு..."

"இங்கதான், இந்தக் கோட்டு மேல."

ஸ்ரீமதி டம்பெல்லை மார்புக்கு நேரே நிறுத்திவிட்டு அவர் கால்களைப் பார்த்தாள். கோட்டைக் காட்ட அவர் நெருங்கியதில் அவள் வலது கால் ஒதுங்கியிருந்தது; அவருடைய இரண்டும் சரியாக அது ஊன்ற வேண்டிய இடத்தில் நின்றன.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அங்க என் காலு வரணும்."

தில்லைநாதன் தள்ளி நின்றார். "எட்டு" என்றாள்.