அம்சவல்லி கேட்ட ரூம்

தம்பியை அடித்த மறுநாள்தான் அம்சவல்லி வாய் திறந்தாள்.

தம்பி சாம்பசிவம் தேயிலைத் தோட்டத்தில் செடிகளுக்கு மருந்தடித்தவன். இருபத்திரண்டு வயதில், காதுக்குள் யாரோ திட்டுவதாகச் சொல்ல ஆரம்பித்தான். ஆஸ்பத்திரியில் நாலு மாதம் இருந்து திரும்பியபின் மாதம் ஒரு ஊசி. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. ஆறு வருஷமாக அக்காதான் அவனைத் தானா ராத்தா டவுன் கிளினிக்குக்குக் கூட்டி வந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் அவனைப் பார்த்ததும் எழுந்து போனார்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்தாள். அவன் கண்ணயர்ந்தபின்தான் அவள் படுத்தாள்.

அது எண்பத்து நாலாம் வருஷம். கிளினிக் நர்ஸ் சாரதாவிடம் சொன்னாள்: "மிஸி, நேத்து இவன அடிச்சிட்டேன். சோத்துல வெஷம் வெச்சிட்டேன்னு தட்டத் தள்ளிவிட்டான். நானெல்லாம் ஒரு அக்காவா?"

சாரதா கையிலிருந்த கார்டைக் கீழே வைத்தாள். "நீங்க கடைசியா எப்ப ஒருநாள் ரெஸ்ட் எடுத்தீங்க?"

அம்சவல்லிக்கு அழுகைதான் வந்தது. சாரதா அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அடிச்சது தப்புதான். அதுக்காக நீங்க கெட்டவங்க இல்ல. ஒண்டியா சுமந்து ஓஞ்சு போயிட்டீங்க. வெளிய பெஞ்சில காளியம்மான்னு ஒருத்தவங்க இருக்காங்க. மகனுக்கு இதே சீக்கு. போய்ப் பேசுங்க லா."

காளியம்மா திரிங்காப் ஊரில் காய்கறித் தோட்டம் போடுகிறவள். பெரிய குரல். அம்சவல்லி சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"வெஷம்னு சொன்னா சண்டைக்குப் போவாத. ஆமான்னும் சொல்லாத. உனக்குப் பயமா இருக்கு போல, நான் மொதல்ல ஒரு வாய் சாப்பிடுறேன்னு சொல்லு. நானும் ரெண்டு தடவ அடிச்சவதான்டி. இப்ப எப்படிச் சொல்லிக் குடுக்கிறேன் பாரு!"

அம்சவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று சிரித்து!

அதன்பின் ஊசி நாளென்றால் இருவரும் முன்னதாகவே வந்துவிடுவார்கள். சீக்காளி மனைவிக்காக வரும் கம்போங் ராஜா ஊர்க்காரர் பக்கிரிசாமியையும் அம்சவல்லிதான் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காளியம்மா லோரியேறி வந்து சாம்பசிவத்தோடு இருந்தாள். அம்சவல்லி கியா பார்ம் ஊர் வரை சும்மா நடந்துவிட்டு வந்தாள்.

அடுத்த வருஷம் ஒன்பது பேரானார்கள். பெஞ்சு போதவில்லை, மழை வந்தால் பாதிப்பேர் நனைந்தார்கள். பெரிய டாக்டர் வந்த அன்று, "நீ போய்க் கேளு" என்று காளியம்மா அவளைத் தள்ளினாள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம்கூட நிமிர்ந்து பேசாதவள், டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர், சீக்காளிக்கு ஊசி இருக்கு. பாத்துக்கிற எங்களுக்கு ஒரு ரூம் வேணும். மாசம் ஒரு மணி நேரம். மிஸி கூட இருக்கணும். நாங்க ஒடஞ்சு போனா அவங்கள யாரு பாக்குறது?"

சாரதா அதை மலாய் மொழியில் எடுத்துச் சொன்னாள். டாக்டர் அம்சவல்லியையே பார்த்தார். இப்படிக் கேட்க யார் சொல்லிக் கொடுத்தது என்றார்.

"யாருமில்ல. ஏழு வருஷமா பாத்துக்கிறேன்ல."

பின்பக்க ஸ்டோர் ரூமைக் காலிசெய்து கொடுத்தார்கள். முதல் கூட்டத்துக்குப் பதினோரு பேர். தான் தம்பியை அடித்த கதையை அம்சவல்லியே முதலில் சொன்னாள், தலை குனியவில்லை. அதைக் கேட்டு, புதிதாக வந்த ஒருத்தி மெல்லப் பேச ஆரம்பித்தாள்.

வெளியே ஊசிக்கு வரிசையில் நின்ற சாம்பசிவம் பக்கத்து ஆளிடம் சொல்வது ஜன்னல் வழியே கேட்டது.

"கூட்டம் நடத்துறது யாருன்னு நெனச்சே? எங்கக்கா!"