பரஸ்தானம் வைத்த பை

ஜெகதீஷ் சாருடைய பை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்குக் குடிவந்தது. ஆள் கிளம்புவது அடுத்த செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். அந்தத் திசையில் பயணம் தொடங்கக் கூடாது. மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல் டிக்கெட் கிடைத்ததோ அன்றைக்குத்தான். இதற்கென்று ஒரு குறுக்கு வழி இருக்கிறது. நல்ல நாளில் பையை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் வைப்பது என்பார்கள். கிளம்பும்போது பையை அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். நடுவில் அது திரும்பவும் சொந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் பயணம் அதோடு முடிந்தது, பெரிய அபசகுனம். சாமியையே ஏமாற்றுகிற வேலை என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம் எங்களுடையது. லிஃப்ட் கிடையாது. அவர்கள் மூன்றாவது மாடி. நான் தரைத்தளம், மாடிப்படிக்கு நேர் எதிர்க் கதவு. இட்லி மாவு அரைத்து விற்கிறேன், அதனால் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள், எந்த வீட்டுக்குப் பிரியாணி பார்சல் வருகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் நடக்காது.

பையைக் கொண்டுவந்தது சாருடைய மனைவி கனிமொழி. கும்பகோணத்திலிருந்து அவள் அம்மா ஃபோனில் இருந்தாள். "கீழ் வீட்டுலயா வைக்கிற? அந்தம்மா புருஷன் இல்லாதவங்களாச்சேடி" என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது. கனிமொழி அவசரமாக ஃபோனைக் காதோடு சேர்த்து அழுத்தினாள். என் மாவு வேண்டும், என் முகம் வேண்டாம். இந்தக் கட்டடத்தில் இது எனக்குப் பழகிப்போனதுதான். ஆனாலும் சுருக்கென்றது.

"மத்த வீடெல்லாம் பூட்டிக் கிடக்குக்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் இன்னாத்த எடுத்துக்கப் போறேன்? அந்தச் செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல வெச்சிட்டுப் போ."

ஜெகதீஷ் சாருக்கு ஐம்பத்து நாலு வயது. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் மேனேஜர். மகள் ரோஷினி ஆகஸ்டில் கனடாவுக்குப் படிக்கப் போகிறாள். அதற்குள் மூன்று பேருமாக ரயிலிலேயே ஒரு பெரிய சுற்று சுற்றிவிட வேண்டும் என்று ஒரு வருடமாக அவருக்கு இதே பேச்சு. முதலில் மும்பை, பிறகு டெல்லி, அங்கிருந்து ஹரித்வார், அதற்கப்புறம் பனிமலையில் நாலு நாள் நடை. மாவு வாங்க வந்தால்கூட ஃபோனை எடுத்து மலையைக் காட்டுவார்.

"பன்னெண்டாயிரத்து ஐந்நூறு அடிக்கா. உச்சியில நின்னா மேகமெல்லாம் நம்ம காலுக்குக் கீழ போகுமாம். ரோஷினி கையைப் பிடிச்சுக்கிட்டு அங்க ஒரு தடவை நின்னுட்டேன்னா போதும்."

அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கும் ஒரு டிக்கெட் போடுங்கள் என்று கேட்கத் தோன்றும். அவ்வளவு ஆசை அந்த மனுஷனுக்கு.

மலை ஏறப் பயிற்சி என்று தினமும் காலையில் முதுகில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவார். "சார், அப்டியே நம்ம ஊட்டு மூட்டையையும் மேல ஏத்தி வெயில்ல வெச்சிட்டு வந்துடுங்க, வண்டு போவும்" என்று நான் கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார்.

பை வந்த மறுநாள் காலையில் அவர் சிரிக்கவில்லை. இறங்கி வந்து என் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். கை இடது தாடையைத் தடவிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போனேன். கிராம்பு வாசனை அடித்தது. மாவுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"இன்னா சார், பல்லு வலியா?"

"ஆமாக்கா. படி ஏறினா மட்டும் வலிக்குது, உட்கார்ந்தா போயிடுது. பல் டாக்டர்கிட்ட காட்டினேன், பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குங்கறார். கிராம்பை வெச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

என் வீட்டுக்காரர் முனியன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினவர். அவருக்கும் இதே வலிதான். சைக்கிள் மிதித்தால் தாடை வலிக்கும், இறங்கி நின்றால் போய்விடும். ஒரு நாள் காலையில் கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பினார், கம்பெனி கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு சாய்ந்தார். பல் இல்லை, நெஞ்சு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர்கள் திருப்பிக் கொடுத்த சட்டையிலும் அந்த வாசனை இருந்தது. அதற்கப்புறம் குழம்புக்குக்கூட நான் கிராம்பு வாங்கியதில்லை.

எல்லாவற்றையும் சாரிடம் சொன்னேன். அவர் கையை ஆட்டினார்.

"போன வருஷம்தான் ஆபீஸ்ல எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க. எல்லாம் நார்மல். கனிகிட்ட எதுவும் சொல்லிடாதீங்கக்கா. டிக்கெட்டையே கேன்சல் பண்ணச் சொல்லிடுவா. போயிட்டு வந்து பார்த்துக்கலாம்."

"மலை மேல வலி வந்தா இன்னா சார் பண்ணுவீங்க? அங்க யாரு கீறாங்க?"

"கைடு இருப்பாருக்கா" என்று எழுந்துவிட்டார்.

சொல்லாதே என்றால் சொல்லாமல் இருக்கிற ஆள் நான் இல்லை. அன்றைக்கே ரோஷினியைப் பிடித்துச் சொன்னேன். "அப்பா கையில வாட்ச் கட்டியிருக்காரே ஆன்ட்டி, ஹார்ட் எப்படி அடிக்குதுன்னு அதுவே காட்டும். எல்லாம் பச்சையாத்தான் இருக்கு" என்றாள். நல்ல பெண்தான். ஆனால் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிற அப்பாவை விட்டுவிட்டு வாட்சைப் பார்க்கிறாள்.

கனிமொழியிடம் போனேன். நெஞ்சு என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"பரஸ்தானம் வெச்சாச்சுக்கா. பயணம் தொடங்கினப்புறம் இந்த மாதிரிப் பேச்சு பேசலாமா? வாயைக் கழுவுங்க மொதல்ல."

"டாக்டராண்ட ஒரு வாட்டி காட்டிட்டுப் போங்கன்னுதான சொல்றேன்?"

"அவருக்குப் பல்லு வலி. அவ்வளவுதான்" என்று கதவைச் சாத்தினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வண்டி. காலையில் நான் மாவு அரைக்கவில்லை. பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீல நிறப் பை, பக்கவாட்டில் புதுக் கைத்தடி ஒன்று செருகியிருந்தது. என் பேச்சை இவர்கள் நம்ப மாட்டார்கள். பையை நம்புவார்கள். புருஷன் இல்லாதவள் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தால் இன்னும் நன்றாகவே நம்புவார்கள். வயிற்றெரிச்சலோடு எழுந்தேன்.

பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலைத் தாண்டி உள்ளே போய், கூடத்தின் நடுவில், சாமி படத்துக்கு நேராக வைத்தேன்.

கனிமொழி போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ரோஷினி, "இதெல்லாம் சும்மாம்மா, டைம் ஆச்சு, கிளம்பலாம்" என்றாள். ஜெகதீஷ் சார் என்னைப் பார்த்தார். நான் ஏன் இதைச் செய்தேன் என்று அந்த வீட்டில் அவர் ஒருத்தருக்குத்தான் முழுசாகத் தெரியும். அப்போதாவது வாயைத் திறந்து சொல்வார் என்று நின்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கனிமொழி தரையில் உட்கார்ந்து அழுதாள். இந்தக் குறியோடு ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். வண்டி இவர்கள் இல்லாமலே மும்பைக்குப் போனது. நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டாள்:

"உங்க வாழ்க்கை போச்சுன்னா எங்களுதும் போகணுமாக்கா?"

கீழே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நானும் அழுதேன். திட்டட்டும், ஆள் உயிரோடு மாடியில் இருக்கிறார், அது போதும் என்று கொஞ்ச நேரம் கழித்து மாவுக்கு ஊறவைத்தேன். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து மாவு வாங்க யாரும் வரவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் சார் மட்டும் வந்து நின்றார். கையில் ஃபோன்.

"திரும்பவும் டிக்கெட் போட்டுட்டேன்க்கா. அதே ரூட்டு, அதே மலை. இந்தத் தடவை வியாழக்கிழமை. வடக்கே சூலம் கிடையாது, பரஸ்தானமும் வேண்டாம்." கொஞ்சம் நிறுத்தி, "பை உங்ககிட்ட வராது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போன தடவை தடுக்க என் கையில் ஒரு பையாவது இருந்தது.

"டாக்டரப் பாத்தீங்களா சார்?"

"வந்து பார்க்கறேன்."

கிராம்பு வாசனை அவர் போன பிறகும் வாசலில் இருந்தது.

மறுநாளிலிருந்து பயிற்சி இன்னும் மும்முரமானது. இப்போது அரிசி இல்லை, அந்த நீலப் பையையே மாட்டிக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றிவிட்டு வந்து மூன்று மாடியும் ஏறுவார். என் வாசலில் உட்காருவதை நிறுத்திவிட்டார். முதல் மாடித் திருப்பத்தில், நான் பார்க்க முடியாத இடத்தில் நிற்பார். செருப்புச் சத்தம் நிற்கும். நான் கிரைண்டரை அணைத்துவிட்டுக் காது கொடுப்பேன். சத்தம் மறுபடி கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும். மலைக்குப் போகாமல் தடுத்தேன், சரி. வீட்டுக்குப் போகிற படியை நான் எப்படித் தடுப்பது?

வியாழக்கிழமைக்கு முன்னால் வந்த ஞாயிறு. ஏரியிலிருந்து திரும்பினார். சட்டை முழுக்க நனைந்து, முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. என் வாசலில் நின்று பையைக் கழற்றினார்.

"இது இங்க இருக்கட்டும்க்கா. அப்புறமா வந்து எடுத்துக்கறேன்."

"மேல போவாதீங்க சார். உக்காருங்க. நான் வண்டிக்குச் சொல்றேன்."

"கனி பார்த்தா பயந்துடுவா. மேல போய் ஒரு நிமிஷம் படுத்தா சரியாயிடும்."

அவர் ஏற ஏற, நான் தெருவைப் பார்த்து, "ரசாக் பாய், ஆட்டோவ எடு" என்று கத்தினேன். முதல் மாடி தாண்டிய சத்தம் கேட்டது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றது. காத்திருக்கவில்லை, ஓடினேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. என் கத்தலில் கனிமொழி இறங்கி வந்தாள். ஆட்டோக்கார அப்துல் ரசாக்கும் ரோஷினியும் நானுமாகத் தூக்கிக் கீழே கொண்டுவந்தோம். ஆட்டோவில் ஏற்றியதும் நான் முன்னால் போய் அவர் தலையைச் சரியாக வைக்கப் போனேன்.

"அக்கா" என்றாள் கனிமொழி. கண்ணெல்லாம் தண்ணீர். "கோவிச்சுக்காதீங்க. கிளம்பும்போது எதிர்ல நிக்காதீங்க. உள்ள போயிடுங்க."

வேறு நாளாக இருந்தால் அந்தத் தெருவே கேட்கிற மாதிரி பதில் சொல்லியிருப்பேன். சண்டை போட அது நேரமா? உள்ளே போய்க் கதவை மூடினேன். ஆட்டோ போகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் பை கண்ணில் பட்டது. செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில், முன்பு இருந்த அதே இடம். சொன்னால் சிரிப்பீர்கள், அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. பை இங்கே இருக்கிறவரைக்கும் பயணம் முடியவில்லை. ஆள் வந்துதான் எடுத்தாக வேண்டும். சாமியை ஏமாற்றுகிற வேலை என்று நினைத்தவள்தான் நான். அன்றைக்குச் சாமி ஏமாந்தால் போதும் என்றிருந்தது. பையைத் துடைத்துச் சுவரோரம் நகர்த்தி வைத்தேன். யாரும் தொடக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

மத்தியானம் ஃபோன் அடித்தது. கனிமொழி.

"சொல்லும்மா. சாரு எப்டி கீறாரு?"

"பை உங்ககிட்டதானே இருக்குக்கா?"

"இங்கதான் கீது. யாரும் தொடல. அவரே வந்து எடுத்துக்கட்டும்."

பின்னால் ரோஷினி அழுகிற சத்தம் கேட்டது.

"வேண்டாம்க்கா. மேல கொண்டு போய் உள்ள வெச்சிடுங்க."

ஃபோனை வைத்துவிட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டேன். இவ்வளவு கனத்தையா அந்த மனுஷன் தூக்கினார் என்று நினைத்தபடி ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு கிராம்பு கிடந்தது. அதை மிதிக்காமல் ஒதுங்கி, மேலே போனேன்.