நாங்கள் என்று திருத்துக

என் கணவருக்கு அச்சகத்தில் 'கமா' என்று பெயர். காரணம் நான்தான். அவர் மெய்ப்புத் திருத்துபவர். நான் எதிரே உட்கார்ந்து மூலப்படியை உரக்கப் படிப்பவள். நிறுத்தக்குறிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதால் காலையிலிருந்து மாலைவரை கமா, கமா என்று சொல்லிக்கொண்டிருப்பேன். "எதிர்லதானே உக்காந்திருக்கார், எதுக்கு இத்தனை தடவை கூப்பிடுற?" என்றார் எழுத்துக் கோர்க்கும் அண்ணன். பெயர் ஒட்டிக்கொண்டது.

அரசாங்கத்தின் அந்த ஆணை வந்தபோது முதலில் சிரித்தோம். 'நாங்கள்', 'எங்கள்' இரண்டும் இனி அச்சிலும் அலுவலகப் பேச்சிலும் கூடாது. 'நாம்', 'நம்' போதும். நாங்கள் என்றால் கேட்பவரை வெளியே நிறுத்துகிறோமாம். இனி வெளியே யாரும் இல்லையாம். பக்கத்து வீட்டு அக்கா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அங்கே பேசிய வாயோடு வீட்டுக்கு வந்து, "நாளைக்கு நாம கடற்கரைக்குப் போறோம்" என்றாள். நான் துண்டெல்லாம் மடித்து வைத்துக் காத்திருந்தேன். காலையில் அவர்கள் குடும்பம் மட்டும் வண்டியேறிப் போனது. அச்சகத்துக்கு ஒரு திருட்டு வழக்கின் வாக்குமூலம் வந்தது: 'நாம் பூட்டை உடைத்தோம்.' அண்ணன் கோர்த்துக்கொண்டே, "அப்ப இதை எழுதி வாங்கின போலீஸ்காரரும் கூட்டுதான் போலிருக்கு" என்றார்.

பத்து வருடத்தில் சிரிப்பு போய்ப் பழக்கம் வந்துவிட்டது. மூலப்படியில் 'நாங்கள்' இருந்தாலும் என் வாய் தானாக 'நாம்' என்று படிக்கும்.

பிறகு நூற்பாலை எரிந்தது. முப்பத்தொரு பெண்கள் செத்துப்போனார்கள். பிழைத்த ஒருத்தி கைப்பட எழுதிய வாக்குமூலம், தெருவில் ஒட்டும் அறிக்கையில் சேர்ப்பதற்காக எங்களிடம் வந்தது. 'நாங்கள் உள்ளே இருந்தோம். கதவு வெளியே பூட்டியிருந்தது.' அண்ணன் வழக்கம்போல 'நாம்' என்று கோர்த்திருந்தார். 'நாம் உள்ளே இருந்தோம்' என்று படித்துப் பாருங்கள். முதலாளி, மேலாளர், படிக்கிற நீங்கள், எல்லாரும் உள்ளே வந்துவிடுகிறோம். வெளியே நின்று பூட்டுவதற்கு ஆள் இல்லை.

நான் 'நாங்கள்' என்று படித்தேன்.

அவர் பேனா நின்றது. "மறுபடி படி, இவளே."

"நாங்கள் உள்ளே இருந்தோம், முற்றுப்புள்ளி."

"தெரிஞ்சுதான் படிக்கிறியா?"

"எழுதியிருக்கிறதைத்தாங்க படிக்கிறேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சிவப்பு மையில் 'நாம்' என்பதை அடித்துவிட்டு ஓரத்தில் 'நாங்கள்' என்று எழுதினார். எழுதிப் பத்து வருடம் ஆன சொல். ங்-க்குப் புள்ளி விட்டுப்போய், இரண்டு வரி தாண்டிப் போனவர் திரும்பி வந்து வைத்தார். "ம், மேல படி" என்றார்.

மூன்று நாள் அந்த அறிக்கை தெருத்தெருவாக ஒட்டியிருந்தது. ஜனங்கள் அதன்முன் நின்று நின்று போனார்கள். நான்காம் நாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள்.

விசாரணை அதிகாரி வயதானவர், சளி பிடித்திருந்தது. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி மெய்ப்புத் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். "யார் பண்ணினது?"

"நான்தாங்க. என் கையெழுத்துதான்" என்றார் இவர்.

"ஐயா, அவர் மட்டும் இல்ல" என்று எழுந்தேன். அடுத்த சொல் நாக்கு நுனியில் நின்றது. அலுவலக அறை. பத்து வருடப் பழக்கம். "நாம... நாம செஞ்சோம்" என்றேன்.

அதிகாரி கைக்குட்டையை இறக்கினார். "நாமன்னா நானுமாம்மா?"

எழுத்தர் சிரித்துவிட்டார். இவரும் கூடச் சிரித்தார். "பதட்டத்துல பேசறாங்க, அதை எழுதாத" என்று எழுத்தரிடம் சொன்ன அதிகாரி, என்னைப் பார்த்து, "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன். திருத்திச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. கதவுவரை பதினைந்து அடியாவது இருக்கும். நடந்தேன். அவரைச் சிறையில் வைத்த எட்டாம் மாதம் அவருடைய கண்ணாடியும் செருப்பும் மட்டும் வீட்டுக்கு வந்தன.

அந்தச் சொல் மறந்துபோயிற்றா, இல்லை பயமா? பலமுறை யோசித்திருக்கிறேன். முந்தின வாரம் இரண்டு தடவை உரக்கப் படித்த சொல் எப்படி மறக்கும்?

ஆணை போய் இப்போது ஆறு வருடம். பழைய விசாரணைப் பதிவுகளில் பிழை இருந்தால் மனு கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். போன திங்கட்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். பதிவேட்டைத் தேடி எடுத்தாள். 'திருத்தியது யார்' என்பதற்கு நேரே 'நான்' என்று இருந்தது.

"இதுல என்ன பிழை பாட்டிம்மா? தாத்தா பேரை எடுத்துடணுமா? இப்பல்லாம் எடுத்துத் தராங்க."

"எடுக்க வேண்டாம். நாங்கன்னு மாத்தணும்."

"நாமன்னு மாத்தணுமா?"

"நாம இல்லம்மா. நாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே. எங்க வாத்தியார் அப்படித்தான் சொன்னார்."

"அவரும் நானும். நீ இல்ல."

"நான் எதுக்கு வெளிய?" என்றாள், கொஞ்சம் கோபத்தோடு.

"நீ அப்ப பிறந்து தவழ்ந்துட்டிருந்திருப்ப. அந்தப் பழி உனக்கு எதுக்கு?"

அவள் படிவத்தைப் பார்த்தாள். "இப்படி மாத்தினா உங்க பேரும் குற்றவாளிங்கிற தலைப்புக்குக் கீழதான் ஏறும். அந்தத் தலைப்பை இன்னும் மாத்தல. பென்ஷன்ல கூடக் கேப்பாங்க. வேணுமா?"

"ஏறட்டும்."

"யோசிச்சு..."

"யோசிச்சாச்சும்மா. நீ எழுது."

'நான்' என்பதைக் கோடிட்டு அடித்துவிட்டு, மேலே ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். அவருடைய கண்ணாடிதான், எனக்கும் அதே பவர் வந்துவிட்டது.

"ங்-க்குப் புள்ளி விட்டுட்டியே" என்றேன்.

வைத்தாள்.