துணை ஆள்

“பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம்னு கேளு” என்று அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

பெரியவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள். அந்தப் பக்கம் இருந்த பெண், “சக்கர நாற்காலி தாராளமா போகும் மேடம்” என்றாள்.

“தாராளமா போகுமாம்.”

“தாராளத்த விடு. அளந்து சொல்லச் சொல்லு.”

வாடகைக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியதிலிருந்து முன்னறைதான் அம்மாவின் அறை. காலையில் வந்த நர்ஸ் அம்மாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுப்படியில் அத்தையிடம் தாழ்ந்த குரலில், “இன்னிக்குத் தாண்டுறது கஷ்டம்” என்று சொன்னது கதவுக்குப் பின்னால் நின்ற பெரியவளுக்குக் கேட்டிருந்தது. கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அது தெரியுமா, தெரிந்துகொண்டேதான் கதவின் அகலத்தைக் கேட்கிறாளா என்று அவளுக்கு விளங்கவில்லை. அம்மா தன்னிடம் ஏதாவது சொல்வாள் என்று அப்போதிலிருந்து கட்டிலை விட்டு நகராமல் இருந்தாள். அம்மா சொன்னதெல்லாம் பார்க்கைப் பற்றித்தான்.

லீவுக்குப் பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போவதாகச் சொன்ன வார்த்தை அது. சொல்வது சுலபம், இடம் கிடைப்பதுதான் பாடு. தம்பிக்கு ஒன்பது வயது. பல் விளக்குவது முதல் படி ஏறுவது வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை வைத்திருப்பான். அது மாறினால் உலகமே மாறிவிடும் அவனுக்கு. அதனால் வீட்டில் அவன் பெயர் இன்ஸ்பெக்டர். திடீர்ச் சத்தம் ஆகாது. கை காயவைக்கிற மெஷின் உறுமினால் அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையை முட்டிக்கொள்வான். அவனுக்கு அடுத்த தங்கைக்கு ஏழு. கால் நடக்காது. ஆனால் சக்கர நாற்காலியில் அவள் திரும்புகிற வேகத்துக்கு வீட்டுச் சுவரெல்லாம் கீறல், அதனால் அவள் ராக்கெட். ஒருத்தனுக்கு அமைதி வேண்டும், ஒருத்திக்கு அலறல் வேண்டும். ஒரே வாசலில் இரண்டும் கிடைக்க வேண்டும்.

ஆற்றோரத்துப் பார்க்கில் கிடைத்தது. அமைதி அறை இருந்தது; நாற்காலியோடு தூக்கி ஏற்றுகிற ராட்டினமும் இருந்தது. அப்பா நேற்றே அதற்கு டிக்கெட் போடப் பார்த்தார். “எல்லாம் பொருந்துது பாரு. கூட ஒரு துணை ஆள் இருக்கணுமாம். பதினாலு வயசானா போதும். நம்ம பெரியவளுக்குத்தான் போன மாசம் ஆயிடுச்சே. துணை ஆளுக்கு டிக்கெட்டே கிடையாது” என்று சிரித்தார். அம்மா, “அது வேணாம்” என்றாள். ஏன் என்று கேட்டதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருந்து பேசுகிறது என்று அப்பா அத்தையிடம் சொன்னார்.

இது மூன்றாவது பார்க். தொலைவு அதிகம்.

“மேடம், அளந்து பார்த்துட்டேன். எங்ககிட்ட இருக்கிற பெரிய நாற்காலியே போய், ரெண்டு பக்கமும் ஒரு கை இடம் இருக்கு.”

“போகுமாம்மா. இடமும் இருக்காம்.”

அம்மாவின் முகத்தில் ஏதோ இளகியது. வாஷிங் மெஷின் கம்பெனியின் உதவி நம்பரில் பதினோரு வருஷம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் அவள். போனில் இருப்பவரை எப்படிப் பேசவைப்பது என்று அவளுக்குத் தெரியும்.

“நல்ல பொண்ணு. எழுந்து போய்ப் பார்த்திருக்கா. கை காயவைக்கிற மெஷின் சத்தத்தக் கேளு. ‘கண்டிப்பா மேடம்’னு சொன்னா, அவளுக்குத் தெரியலைன்னு அர்த்தம்.”

பெரியவள் கேட்டாள். “அந்த மெஷினே இல்ல மேடம், கை தொடைக்கக் காகிதம்தான்” என்றது போன்.

“சின்னவளுக்கு வேகமா ஏதாவது?”

“இருக்காம். நாற்காலியிலேர்ந்து மாத்தி, பெல்ட் போட்டு உக்கார வைப்பாங்களாம்.”

அம்மா கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. பெரியவள் தன் மூச்சையும் நிறுத்தி அது வரும்வரை காத்திருந்தாள். வந்தது.

“இன்னும் ஒண்ணு. துணை ஆள் கட்டாயமான்னு கேளு.”

“நான் இருக்கேன்லமா. எனக்குத்தான் வயசாயிடுச்சே.”

“கேளுடி.”

கேட்டாள். “அத மேலாளர்கிட்ட கேட்டுத்தான் சொல்லணும். லைன்லயே இருங்க மேடம்” என்று அந்தப் பெண் போனாள். பாட்டு தொடங்கியது. மணியும் பீப்பியுமாக, முடிகிற மாதிரி வந்து முடியாமல் மறுபடி ஆரம்பிக்கிற பாட்டு. பெரியவள் ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை ஓரம் வைத்தாள்.

“சகிக்கலைல்லமா?”

“நாங்க வச்சிருந்தது இதைவிட மோசம்” என்றாள் அம்மா. உதட்டோரம் சிரிப்பு போல ஒன்று ஏறியது.

பாட்டு ஒரு சுற்று முடிந்து திரும்ப வந்தது. அடுப்படியில் அத்தை பாத்திரம் கழுவுகிற சத்தம். பக்கத்து வீட்டில் விட்டிருந்த ராக்கெட் யாரையோ விரட்டுகிற சத்தம். அப்பா வலி மருந்து வாங்கப் போயிருந்தார். பெரியவள் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். பாட்டின் நடுவில் அது தொலைந்துவிட்டது என்று நினைத்து, குனிந்து, அம்மாவின் வாயருகே காதை வைத்தாள்.

“அம்மா.”

உதட்டோரம் அப்படியே இருந்தது.

“அம்மா, லைன் வந்துடும், இரு.”

“காத்திருந்ததுக்கு நன்றி மேடம்” என்றது போன்.

கத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அத்தையைக் கூப்பிட வேண்டும் என்றும் தோன்றியது. ஆனால் கேள்வி பாதியில் நின்றிருந்தது. அம்மா கேட்கச் சொன்னது. அதற்குப் பதில் வாங்காமல் போனை வைத்தால் அம்மா கோபித்துக்கொள்வாள் என்ற ஒரே நினைப்பு தலைக்குள் நின்றது.

“சொல்லுங்க” என்றாள். குரல் அவளுடையதாக இல்லை.

“துணை ஆள் கட்டாயம் இல்ல மேடம். இந்தப் பிள்ளைங்களுக்குன்னே பழகின ஆளுங்க இருக்காங்க. கூடவே இருந்து பாத்துப்பாங்க. முன்னாடியே சொல்லிட்டா போதும். வீட்டுல பெரிய பிள்ளை இருந்தா அவங்க பாட்டுக்குத் தனியாச் சுத்தலாம். நிறைய அம்மாங்க அதுக்குத்தான் கேப்பாங்க. உங்களுக்குப் பெரிய பிள்ளை இருக்காங்களா மேடம்?”

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள்.

“இருக்கா.”

“பொண்ணா? என்ன வயசு?”

“பதினாலு.”

“அப்ப எல்லா ரைடுலயும் ஏறலாம். அவங்களுக்கு என்ன மாதிரி பிடிக்கும்? உயரமா, தண்ணியா?”

இந்தக் கேள்விக்கு அம்மா பதில் சொல்லித்தரவில்லை. பெரியவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியல.”

“பரவால்ல மேடம், வந்து முடிவு பண்ணட்டும். வேற ஏதாவது உதவி வேணுமா?”

“கொஞ்சம் லைன்லயே இருங்க” என்று சொல்லி, போனை அம்மாவின் கைப்பக்கம் வைத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். வாசலில் நின்றாள். அத்தை திரும்பிப் பார்த்து, கையிலிருந்த தட்டைத் தண்ணீரிலேயே விட்டாள்.

அதற்குப் பிறகு வீடு ஆட்களால் நிறைந்தது. அப்பா மருந்துப் பையோடு வந்து, அதைக் கீழே வைக்காமலே வெகுநேரம் நின்றார். யாரோ கையிலிருந்து வாங்கினார்கள். அத்தை பெரியவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “எங்க அண்ணி போயிட்டாளேடி. இனிமே அதுங்களுக்கு நீதான் அம்மா” என்றாள். எதிர்வீட்டுக்காரி வந்து அதையே சொன்னாள். அப்பாவோடு வேலை பார்க்கிற டிரைவர் ஒருத்தர், அவளை அதுவரை பார்த்தேயிராதவர், தலையில் கை வைத்து அதையே சொன்னார். எல்லோரும் சேர்ந்து எங்கோ பேசி வைத்துக்கொண்டு வந்தமாதிரி இருந்தது.

“பெரியவ, தம்பி மேஜைக்கடியில போயிட்டான் பாரு.”

“பெரியவ, சின்னவ எங்க?”

அவள் மேஜைக்கடியில் போய் இன்ஸ்பெக்டரின் காதுகளை அவன் கைமேல் கைவைத்துப் பொத்தினாள். அவன், “அம்மா ஏன் கண்ண மூடிட்டாங்க? தூங்கற நேரம் இது இல்லையே” என்றான். அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் இருந்தது. அம்மா போனதற்கா, இல்லை வேறு எதற்கோவா என்று பிரிக்க முடியவில்லை. அம்மா கிடக்கும்போது வேறு எதற்கோ பயப்படுகிறவள் என்ன பிள்ளை என்று இன்னொரு பயம் வந்தது.

எல்லாம் முடிந்து மறுநாள் காலை, வாடகைக் கட்டிலை எடுத்துப்போக ஆள் வந்துவிட்டுப் போனான். முன்னறையின் நடுவில் வெறும் தரை இருந்தது. யாரும் அதன்மேல் நடக்காமல் சுவரை ஒட்டியே போய்வந்தார்கள், ராக்கெட்டைத் தவிர.

அப்பா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையிடம் சொன்னார். “பிள்ளைங்ககிட்ட சொன்ன வார்த்தை. அவ இருந்தாலும் விடமாட்டா. கொஞ்ச நாள் போகட்டும், அந்த ஆத்தோரப் பார்க்கையே போட்டுடலாம். கிட்டக்க. பெரியவ பாத்துக்குவா.”

“ஆமா, அவ எதுக்கு இருக்கா?” என்றாள் அத்தை.

“அம்மா அது வேணாம்னா” என்றாள் பெரியவள்.

“அவ எதுக்குமே சரின்னு சொல்லலையேம்மா. மயக்கத்துல ஏதோ.”

“மயக்கம் இல்லப்பா. நேத்து ஒரு பார்க்குக்குப் பேசினோம். எல்லாம் கேட்டா. கதவு, மெஷின், எல்லாம். அங்க துணை ஆள் தேவையில்லையாம். அதத்தான் கடைசியா கேக்கச் சொன்னா.”

“அதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போகணும்? துணைக்குத்தான் நீ இருக்கியே.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முகம் வீங்கி, சவரம் செய்யாமல், சட்டைக் காலர் உள்ளே மடிந்து கிடக்க உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தால் எதையும் சொல்லத் தோன்றாது. பெரியவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நான் துணை ஆள் இல்லப்பா.”

“என்ன பேச்சுடி இது, இன்னிக்கு” என்றாள் அத்தை.

“எனக்கு அவங்களப் பிடிக்கும் அத்தை. நான் பாக்கமாட்டேன்னு சொல்லல. ஆனா அம்மா…” அம்மா என்ன நினைத்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. அம்மா அவளிடம் எதுவும் சொல்லவில்லை. கேட்கத்தான் சொன்னாள்.

அப்பா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அப்போது குளியலறையிலிருந்து இன்ஸ்பெக்டரின் அலறல் வந்தது. பிரஷ் கீழே விழுகிற சத்தம். பெரியவளின் கால் தானாக எழுந்தது.

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார்.

“நீ உக்காரு.”

“அவனுக்கு ஒரு வரிசை இருக்குப்பா, நீங்க…”

“உக்காரும்மா.”

அவர் போனார். அத்தையும் பின்னால் எழுந்தாள்; கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ராக்கெட் நாற்காலியை வளைத்துக் குளியலறை வாசலை அடைத்து நிறுத்தினாள்.

“அப்பா, அது தப்பு. மேல் பல்லுல ஆரம்பிக்கக் கூடாது.”

“எதுல ஆரம்பிக்கணும்?”

“அவனையே கேளுங்க.”

இன்ஸ்பெக்டர் விம்மலுக்கு நடுவில் ஏதோ சொன்னான்.

“சரி” என்றது அப்பாவின் குரல். “சரிடா. முதல்லேர்ந்து.”

குழாய் மூடி, மறுபடி திறந்தது. பெரியவள் நாற்காலி விளிம்பில், பாதி எழுந்தவள் மாதிரியே உட்கார்ந்திருந்தாள். முன்னால் அப்பா வைத்துவிட்டுப் போன தேநீர் இருந்தது. அதைத் தான் குடிக்கலாமா, கூடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.